கீழ் ஹாலுக்குப் போன டீச்சர்

வா தங்கச்சி, வா. பையக் கீழ வை. இல்ல இல்ல, நீ வைக்காதே, இங்க கொண்டா, நான் வைக்கேன். எம்மாடி, என்ன கனம்! இதையா நீ ஆட்டோவுல இருந்து எறக்கி, படி ஏத்திக் கொண்டாந்தே? நல்ல ஆளுதான். இனிமே இந்த மாதிரி வேலையெல்லாம் வச்சுக்கிடாதே. நான் ஒருத்தி இங்கன எதுக்கு இருக்கேன்?

உக்காரு. அந்தக் கட்டில்தான் ஒனக்கு. சன்னலோரக் கட்டிலு, நல்ல காத்து வரும், வேப்பமரம் தெரியும். விரிப்பெல்லாம் காலையிலயே மாத்தி, தலகாணிக்கு உறையும் போட்டுட்டேன். அது செல்வி வேலைதான். செல்வின்னா இந்த முதியோர் இல்லத்துல மாடி வேலை பாக்குத பிள்ளை. அவ போட்டா ஒரு பக்கம் தொங்கும், ஒரு பக்கம் ஏறும். அதான் நானே போட்டுட்டேன். இன்னைக்கு நீ வாரேன்னு சொன்னதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை பாத்துக்கோ. வெள்ளனவே குளிச்சு, தலைவாரி, நல்ல சீலையா எடுத்து உடுத்திட்டேன்.

பேரு என்ன சொன்னாவ, முப்பிடாதியா? அம்மன் பேரு. கழுகுமலைப் பக்கமாமே. எனக்கு வீரவநல்லூரு. ஆவுடையம்மா. நீ அக்கான்னே கூப்பிடு, வயசுல நான்தான் மூத்தவளா இருப்பேன்.

கீழ ஆபீசுல ஹெப்சி மேட்ரன் என்னையப் பத்தி ஏதாவது சொன்னாளா? சும்மா சொல்லு. சொல்லாம இருக்க மாட்டா. 'ஆவுடையம்மா நல்லவங்க, ஆனா உங்க வேலைய நீங்களே பாத்துக்கோங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பா. தலையை ஆட்டுதே பாரு. எனக்குத் தெரியாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சாப்பாட்டு ஹாலுக்குப் போனா அங்கயும் நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவா. அதுக்கு முன்னால நானே சொல்லிருதேன், இந்தக் கட்டில்ல இருந்த டீச்சர் கதையை. கேட்டுட்டு நீயே சொல்லு, எம்மேல என்ன தப்புன்னு.

அந்தத் துணியெல்லாம் நீ எதுக்கு மடிக்கே? இங்க தா. நான் பேசிக்கிட்டே அடுக்குதேன். நீ சாஞ்சு உக்காரு.

பியூலா டீச்சர்னு பேரு. பாளையங்கோட்டையில பிள்ளைகளுக்குப் பூகோளம் எடுத்தவிய. கல்யாணம் காட்சி இல்ல. கூடப் பொறந்த தம்பி ஒருத்தரு இருந்து, அவரும் போன பெறகு இங்க வந்தாவ. நீ வந்த மாதிரியேதான், பெட்டியத் தானே தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு வந்தாவ. வந்த மறுநாளே சாப்பாட்டு ஹால் அவிய ராஜ்ஜியமாப் போச்சு. பேப்பர்ல கட்டம் போட்டுக் குறுக்கெழுத்து வருமில்லா, அதைச் சத்தமா வாசிப்பாவ. ஆம்பளை ஆளுக எல்லாம் அந்த மேசையிலதான் கெடக்கும். என்ன சிரிப்புங்கே! டீச்சர் சிரிச்சா வராண்டா கடைசி வரைக்கும் கேக்கும். ரூமுக்கு ஒறங்க மட்டுந்தான் வருவாவ. நான் பாட்டுக்கு இங்கன ஒத்தையில உக்காந்து மரத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு ரூமுல ரெண்டு கட்டில் கெடந்தா ரெண்டு பேரு இருக்காவன்னு அர்த்தமா?

அந்த வருசம் கார்த்திகையில நல்ல மழை. வராண்டா வழுக்கி டீச்சர் விழுந்துட்டாவ. வலது கை மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. மாவுக்கட்டு போட்டுக் கழுத்துல தொங்கவிட்டுக் கூட்டியாந்தாவ. கடவுளாப் பாத்துக் குடுத்தாரு. ச்சே, கை முறிஞ்சதச் சொல்லலை தங்கச்சி. எனக்கு ஒரு வேலை கெடச்சதச் சொல்லுதேன்.

எனக்கு இந்த வேலை புதுசா? எங்க மாமியாருக்குச் செஞ்சேன். அப்புறம் எங்க வீட்டு அவியளுக்கு வாதம் வந்து படுத்தாவல்லா, அப்பயும் நான்தான். ஊட்டுததும் நான், உடுத்துததும் நான், தொடைக்கதும் நான். மேல ஒரு புண்ணு வந்தது கெடையாது. டாக்டரே கையெடுத்துக் கும்பிட்டாரு. கையைப் பிடிச்சு நாலு எட்டு நடக்க வைங்கம்மான்னும் சொன்னாரு, அது வேற விசயம். விழுந்துருவாவன்னு நான் விடலை. கடைசி வரைக்கும் ஒரு நாள் விழலை பாத்துக்கோ. கட்டில்ல இருந்து எறங்குனாத்தானே விழ?

பெறகு மெட்ராசுல மகன் வீடு. பேரனுக்குச் சட்டைப் பட்டன் போடுவேன், ஷூ மாட்டுவேன், சோறு ஊட்டுவேன். ஒரு நாள் இஸ்கூல்ல இருந்து மருமகளைக் கூப்பிட்டு விட்டாவ. வந்தா மூஞ்சி ஒரு முழம் நீளம். 'வகுப்புல எல்லாப் பிள்ளையும் தானா சாப்பிடுது அத்தை. இவன் மட்டும் டப்பாவைத் தொறந்து வச்சுக்கிட்டு, யாராவது ஊட்டுவாங்கன்னு உக்காந்திருக்கானாம்'ங்கா. பிள்ளைக்கு ஊட்டுனது ஒரு குத்தமா? எம்மகன் என்ன செஞ்சான்னு கேளு. கொஞ்ச நாள் கழிச்சு, 'அம்மா, காலம் பூரா மத்தவங்களுக்கே செஞ்சுட்டே, இனி நீ ஓய்வா இருக்கணும்'னு சொல்லி இங்கன கொண்டாந்து விட்டுட்டுப் போனான். ஓய்வு! யாரு கேட்டா இவன்கிட்ட ஓய்வு?

அத விடு. டீச்சர் கதைக்கு வாரேன்.

கட்டு இருந்த மட்டுக்கும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. காலையில மூஞ்சி கழுவி விடுவேன், ஜாக்கெட் கொக்கி மாட்டுவேன், தலை வாரிப் பின்னுவேன். என்ன முடிங்கே அவியளுக்கு, நரைச்சாலும் கை நெறைய நிக்கும். சாப்பாட்டு ஹாலுக்கு எதுக்கு இந்தக் கையோட அலையணும்னு ரெண்டு தட்டையும் நானே இங்க கொண்டு வந்துருவேன். அவியளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். பேச்சு மட்டும் கொறையாது. நைல் நதி எங்க பொறந்து எங்க விழுதுன்னு எனக்கு இப்ப யாரு கேட்டாலும் சொல்லுவேன். அந்த நாளு மாதிரி ஒரு நாளு எனக்கு வாழ்க்கையில வந்ததில்ல தங்கச்சி. உண்மையைச் சொல்லுதேன்.

கட்டுப் பிரிச்சாவ. பிரிச்ச அன்னைக்கு டீச்சர் தானா கொக்கி மாட்டப் பாத்தாவ. வெரலெல்லாம் வெறைச்சுப் போயி, ஒரு கொக்கிய மாட்ட அரை நாளாக்குதாவ. நான் பாத்துக்கிட்டு இருப்பேனா? கையைத் தட்டிவிட்டு நாலு கொக்கியையும் நானே மாட்டி விட்டேன். 'ஆவுடை, டாக்டர் கையை அசைக்கச் சொல்லியிருக்காரு, நானே போட்டுக்கிடுதேன்'னாவ. 'டாக்டருக்கென்ன, வலி ஒங்களுக்குல்லா'ன்னேன்.

கொஞ்ச நாளு அப்படித்தான் மல்லுக்கு நின்னாவ. நான் வாரி விடக் கூடாதுன்னு சீப்பை எடுத்துத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைப்பாவ. நான் தேடி எடுத்துருவேன். 'நான் ஹாலுக்குப் போறேன் ஆவுடை'ம்பாவ. 'வழுக்கும், இருங்க, நான் கொண்டாரேன்'ம்பேன். அப்புறம் மெல்ல மெல்ல அந்த அடம் எல்லாம் போயிட்டு. நல்ல பிள்ளையா ஆயிட்டாவ. வாயைத் தொறன்னா தொறப்பாவ. கையைத் தூக்குன்னா தூக்குவாவ. குறுக்கெழுத்தும் கேக்கலை, பேப்பரும் கேக்கலை. ஹால்ல இருந்து யாராவது வந்து கூப்பிட்டா என் மூஞ்சியைப் பாப்பாவ. 'டீச்சருக்கு இன்னைக்கு அசதியா இருக்கு'ன்னு நானே சொல்லி அனுப்பிருவேன். பேச்சும் கொறைஞ்சு போச்சு. வயசாச்சுல்லா, வயசானா அப்படித்தானே?

இந்தா, தண்ணி குடி. மெதுவா, மெதுவா. தம்ளரை நான் பிடிச்சுக்கிடுதேன்.

ஒனக்கு ஒரு விசயம் சொல்லணும், நல்லாக் கேட்டுக்கோ. இந்த மாடியில இருக்கவ எல்லாம் தன் காரியத்தைத் தானே பாத்துக்கிடுத ஆளுக. முடியாமப் போனா கீழ் ஹாலுக்கு மாத்திருவாவ. கீழ் ஹால்னா வரிசையாக் கட்டில் போட்டு, பக்கத்துல ஆயாமாரு நிப்பாவ. அங்க போனவ திரும்பி மாடி ஏறி நான் பாத்ததில்ல. மாசத்துக்கு ஒருக்கா நர்ஸ் வந்து ஒவ்வொருத்தர்ட்டயும் கேப்பா, தானா குளிக்கியளா, தானா உடுத்துதியளா, தானா சாப்பிடுதியளா, கக்கூசுக்குத் தானாப் போறியளான்னு. டீச்சர் வாயைத் தொறக்க முந்தி நான் சொல்லிருவேன், 'எல்லாம் தானாத்தான் செய்யுதாவ'ன்னு. பொய்தான். ஆனா என்ன பொய்? நான் செஞ்சா என்ன, அவிய செஞ்சா என்ன? ஒரு ரூமுக்குள்ள நடக்குத காரியந்தானே. என்னைய நம்பி ஒருத்தி இருக்கா, அவளைக் கீழ தள்ள விடுவேனா? கண்ணுக்குள்ள வச்சுல்லா பாத்தேன்.

அப்புறம்தான் அந்தக் கண்ணு டெஸ்டு வந்து தொலைஞ்சுது. எனக்குப் புரை விழுந்திருக்குன்னு வேன்ல ஏத்தி டவுணுக்குக் கொண்டு போயிட்டாவ. போகும்போது செல்விட்ட சொன்னேன், 'டீச்சரை மட்டும் பாத்துக்கோட்டீ'ன்னு. அவ சரின்னா. காலையில தட்டுல இட்லியக் கொண்டு வந்து டீச்சர் மடிக்குப் பக்கத்துல வச்சுட்டு, அவ வேலையப் பாக்கப் போயிட்டா, மத்தியானமும் எட்டிப் பாக்கலை. தானா சாப்பிடுத ஆளுன்னுதானே அவளுக்குத் தெரியும்?

நான் சாயங்காலம் வந்து பாக்கேன், அந்த இட்லி அப்படியே இருக்கு. ஈ மொய்க்கு. டீச்சர் நான் விட்டுட்டுப் போன எடத்துல, விட்டுட்டுப் போன மாதிரியே உக்காந்திருக்காவ. தலை விரிஞ்சு கெடக்கு. சீலையெல்லாம் நனைஞ்சு, விரிப்பும் நனைஞ்சு போயிட்டு. கக்கூசு அந்தா இருக்கு பாரு, நாலு எட்டு. எந்திரிச்சுப் போகலை. கை இருக்கு, இட்லி இருக்கு, எடுத்து வாயில வைக்கலை. என்னையப் பாத்ததும் வாயைத் தொறந்தாவ பாரு தங்கச்சி. ஒரு வார்த்தை பேசலை, வாயை மட்டும் தொறந்தாவ.

கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன். நான் ஒரு நாள் இல்லைன்னா இவியளுக்கு என்ன கதி, பாத்தியா? அதைத்தான் மேட்ரன்ட்டயும் சொன்னேன். அவளுக்கு அது புரியலை. 'மாசாமாசம் எல்லாம் தானா செய்றாங்கன்னு சொன்னீங்களே ஆவுடையம்மா'ன்னு எம்மேல பாயுதா. 'நான் செஞ்சுக்கிட்டுத்தான இருந்தேன், அவியளுக்கு என்ன கொறை வச்சேன்'னு கேட்டேன். அதுக்கு அவ, 'தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறம்மா'ன்னுட்டுப் போயிட்டா. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? படிச்சவ, ஏதாவது சொல்லணும்னு சொல்லுதா.

மறுநாளே சக்கர நாற்காலியக் கொண்டு வந்துட்டாவ. நான் குறுக்க விழுந்து மறிச்சேன். ஒண்ணும் நடக்கலை. டீச்சர் என்னையத் திரும்பிக்கூடப் பாக்கலை. பாக்கத் தெம்பு இல்ல, அதான்.

அதுக்கப்புறம் நான் எப்படி இருந்தேன்னு நீ கேக்க வேண்டாம். காலையில எந்திரிச்சா யாரை எழுப்ப? சீப்பு இருக்கு, யாருக்குத் தலை வார? எந்தலைய நான் வாரலை. சீலை மாத்தணும்னு தோணலை. தட்டைக் கொண்டாந்து இங்கன வச்சுக்கிட்டு, அந்தக் கட்டிலைப் பாத்துக்கிட்டு இருப்பேன். பெறகு அந்தச் சோத்தை எடுத்துச் சன்னல் வழியாக் காக்காய்க்குப் போட்டுருவேன். ஒத்தையில தின்னா எறங்க மாட்டேங்கு. நர்ஸ் வந்து கேட்டா, 'குளிக்கேன், உடுத்துதேன், சாப்பிடுதேன், எல்லாம் நானேதான்'னேன். பழகின வாய்தானே. முட்டு வேற ஒரு மாதிரி மடங்க ஆரம்பிச்சுட்டு. கீழ உக்காந்தா எந்திரிக்க வரலை. ஒரு நாள் படியில செல்வி கையைக் குடுத்தா, 'வாங்க ஆச்சி, பிடிச்சுக்கோங்க'ன்னு. உதறி விட்டுட்டேன். என்னையவா பிடிக்க வாரே? ஊருக்கெல்லாம் கை குடுத்தவ நான். நீ யாருட்டயும் சொல்லிராதே.

கீழ போயி டீச்சரைப் பாக்கலாம்னா மேட்ரன் விடலை. கொஞ்ச நாள் போகட்டும்னா. எத்தனை நாளைக்கு? ஒரு நாள் மத்தியானம் நைசா எறங்கிப் போயி சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். அங்க ஷிபானான்னு ஒரு பிள்ளை, மேலப்பாளையத்துக்காரி, கை கால் பயிற்சி சொல்லிக் குடுக்க வருவா. டீச்சருக்கு முன்னால தட்டு. தட்டுல சாம்பார் சோறு. அவ பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, கையக் கட்டிக்கிட்டு இருக்கா! டீச்சர் அந்த வெறைச்ச வெரலால பெசையுதாவ, எடுக்காவ, வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி மடியில. மோவாயில பருக்கை ஒட்டிக்கிட்டு நிக்கு. நல்ல வெள்ளைச் சீலை, பூராவும் மஞ்சளா மஞ்சளா ஆயிட்டு. அந்தப் பிள்ளை தொடைக்கவும் இல்ல, ஊட்டவும் இல்ல. 'சூப்பர் டீச்சர், இன்னொரு வாய்'ங்கா. பொறுக்குமா எனக்கு?

உள்ள பாஞ்சுட்டேன். 'ஏட்டி, ஒன்னைய இதுக்கா சம்பளம் குடுத்து வச்சிருக்காவ'ன்னு வஞ்சுட்டு, தட்டைப் பிடிச்சு இழுத்து, நல்லாப் பெசைஞ்சு ஒரு வாய் எடுத்து நீட்டுனேன்.

டீச்சர் எங்கையைப் பிடிச்சுட்டாவ. அந்த முறிஞ்ச கையால. சாம்பாரும் சோறுமா இருந்த கையால என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சு, 'விடு ஆவுடை'ன்னாவ. அவ்வளவுதான் சொன்னாவ. என்ன பிடிங்கே! எங்க இருந்து வந்துச்சோ அந்த வலு. இம்புட்டு வலுவை வச்சுக்கிட்டா எங்கிட்ட வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தாவ? என்னைய ஏமாத்திட்டாவன்னுதான் நெனைச்சேன். மேல வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். கையைக் கழுவக்கூட இல்ல. அந்த அஞ்சு வெரலும் மஞ்சளா என் கையில காஞ்சு போயி இருந்துச்சு.

அப்படியே இன்னொரு கார்த்திகையும் போயி, தை பொறந்து, பொங்கல் கழிஞ்சிருக்கும். ஒரு நாள் படியில சத்தம். டக்கு... டக்குன்னு. யாருன்னு எட்டிப் பாத்தா டீச்சர்! கைப்பிடிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறுதாவ. மூச்சு வாங்குது. அந்தக் கோட்டிக்காரி ஷிபானா ரெண்டு படி பின்னால, அப்பயும் கையக் கட்டிக்கிட்டே வாரா. நான் ஓடிப் போயி பிடிக்கப் போனேன். டீச்சர் கையைக் காட்டி, நில்லுன்னாவ. நின்னேன். அவிய ஏறி முடிக்க மட்டும் நான் இங்கன கதவுகிட்ட நின்னேன் பாரு, அந்த மாதிரி ஒரு பாடு நான் பட்டதே இல்ல. எங்கை ரெண்டும் தானா முன்னால முன்னால போகுது.

உள்ள வந்து இந்தக் கட்டில்ல உக்காந்தாவ. தலை வாரியிருந்தாவ, தானா வாரின தலை, வகிடு கோணல்மாணலா நெத்தியில இருந்து காதுக்குப் போகுது. சீப்பை எடுக்க வந்திருக்காவன்னு நெனைச்சேன். அவிய சீப்பு எங்கிட்டத்தானே இருந்துச்சு, தலகாணிக்கு அடியில. எடுத்துக் குடுத்தேன். வாங்கிட்டு என் மூஞ்சியையே பாத்தாவ. 'என்ன ஆவுடை இப்படி இருக்கே, தலை வாரி எவ்வளவு நாளாச்சு'ன்னு கேட்டாவ. 'திரும்பி உக்காரு'ன்னாவ.

வாரி விட்டாவ தங்கச்சி. எனக்கு. கை நடுங்குது, சிக்குல மாட்டி இழுக்கு, உயிர் போகுது வலி. பின்னத் தெரியாம என்னமோ ஒரு முடிச்சுப் போட்டாவ. அழுதுட்டேன். வலிக்குதான்னாவ. ஆமான்னுட்டேன். எங்க அம்மை போன பெறகு என் தலையில இன்னொரு கை பட்டதில்ல. ஏன் அழுதேன்னு எனக்கே தெரியலை. ஒரு பக்கம் இந்தச் சீப்பைப் பிடுங்கி அவியளுக்கு அந்த வகிட்டைச் சரி பண்ணிறணும்னு கை துடிக்குது.

அப்புறம் சொன்னாவ. 'ஆவுடை, ஒன்னைய மாதிரி எனக்கு யாரும் செஞ்சதில்ல. இனி யாரும் செய்யப் போறதும் இல்ல. ஆனா ஒங்கூட இருந்தா நான் செத்துப் போயிருவேன். வராண்டாவுக்கு அந்தப் பக்கம் ரூம் கேட்டிருக்கேன்'னு.

என்ன பேச்சு இது, நீயே சொல்லு. எங்கூட இருந்தா எப்படிச் சாவாவ? நான் சாக விட்டுருவேனா? பூகோளம் படிச்சவிய பேசுத பேச்சா இது? மேட்ரனும் அந்தப் பிள்ளையும் சேந்து மனசைக் கலைச்சு விட்டுட்டாவ. வேற என்ன?

போகும்போது, 'சாப்பாட்டு ஹாலுக்கு வா. எம் பக்கத்து நாற்காலி ஒனக்குத்தான். ஒந்தட்டை நீ எடுத்துக்கோ, எந்தட்டை நான் எடுத்துக்கிடுதேன். பேசிக்கிட்டே சாப்பிடுவோம்'னாவ. நான் போகலை. போயி என்ன செய்ய? பக்கத்துல உக்காந்து, அவிய கை நடுங்குததப் பாத்துக்கிட்டு, எங்கைய மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவா? என்னால ஆகாது. இப்பமும் பஸ்ஸுல எடம் பிடிக்குத மாதிரி அந்த நாற்காலியில ஒரு கைக்குட்டையப் போட்டு வைக்காவளாம். செல்வி வந்து சொல்லுதா. போட்டு வைக்கட்டும்.

அந்தா, மணி அடிக்கான் பாரு. சாப்பாட்டுக்குத்தான். அது யாரு சிரிக்கது, கேக்குதா? டீச்சர்தான். வந்த புதுசுல சிரிச்ச மாதிரியே சிரிக்காவ.

நீ ஏன் எந்திரிக்கே? உக்காரு, உக்காரு. புது எடம், படி சரியில்ல, நான் போயி ரெண்டு தட்டையும் கொண்டாரேன். இங்கன உக்காந்து பேசிக்கிட்டே... என்ன, நானும் கூட வரணுமா? இன்னைக்கு வேண்டாம் தங்கச்சி. நாளைக்குப் பாப்போம். இன்னைக்கு ஒரு நாளு மட்டும் இங்கன சாப்பிடேன். ஒங்கிட்ட சொல்லுததுக்கு என்ன, இந்த ரூமுல இன்னொரு ஆளு மெல்லுத சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு!

போயித்தான் ஆகணுமா? சரி. ஒன்னைய நான் கையப் பிடிச்சா இழுக்க முடியும்.

ஏ, குனியாதே, குனியாதே! பின்வார் வச்ச செருப்பா இது? குனிஞ்சா தலை சுத்தும், நான் மாட்டி விடுதேன். நீ கட்டில்ல உக்காரு. காலை நீட்டு. இந்தா, நான் கீழ உக்காந்துக்கிடுதேன். நல்ல கெட்டி வார். ஆங், ஒண்ணு ஆச்சு. அந்தக் காலு. ரெண்டும் ஆச்சு. ம், இப்பப் போ. போயி நல்லாச் சாப்பிடு. டீச்சர் கேட்டா, ஆவுடை சும்மா இருக்கான்னு சொல்லு.

நீ போம்மா. ஏன் நிக்கே? எனக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் இப்படியே உக்காந்திருந்துட்டுப் பெறகு எந்திரிப்பேன். முட்டுதான். கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு எப்படியும்...

முப்பிடாதி.

ஒரு கை குடு.